எரிகோ பாட்டு

ஏப்ரல் 30, புதன்

பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுதிக் காட்டுங்கள் என்றார். சரி, எழுதுகிறேன். ஆனால் யாருக்கும் காட்டப்போவதில்லை.

ப்ளவுஸுக்கு வைத்துத் தைக்க லேஸ் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் பெங்களூர் போனேன். அந்த டாக்டருக்கு என் தையல் மெஷின் வயதுகூட இருக்காது. மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டு, என் தொண்டையை எனக்கே டிவியில் காட்டினார். இரண்டு வெள்ளை நாடா ஆடுகிறது. ஒன்றின்மேல் முளைவிட்ட பச்சைப்பயறு மாதிரி ஏதோ உட்கார்ந்திருக்கிறது. அதைச் சீக்கிரம் எடுக்க வேண்டுமாம், எடுத்து டெஸ்டுக்கு அனுப்ப வேண்டுமாம். "பேச்சு வந்துடும்மா. பாடறதப் பத்தி இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது," என்றார். தள்ளிப் போடாதீர்கள் என்று இரண்டு தரம் சொன்னார். மே எட்டாம் தேதி என்று எழுதியும் கொடுத்தார்.

ஐந்தாம் தேதி எங்கள் சர்ச்சில் வி.பி.எஸ். தொடங்குகிறது. விடுமுறை வேதாகமப் பள்ளி. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அதில் பாட்டுச் சொல்லிக் கொடுப்பவள் இந்த மேபல்தான். இந்த வருஷம், ஜனங்கள் சுற்றிச் சுற்றி நடந்து எக்காளம் ஊதியதும் எரிகோ மதில் இடிந்த பைபிள் கதை. பாட்டும் நானே கட்டி வைத்திருக்கிறேன். எட்டாம் தேதி நான் போய்ப் படுத்துக்கொண்டால் மதிலை யார் இடிப்பது?

லேஸ் வாங்க மறந்துவிட்டேன்.

மே 1, வியாழன்

அவரிடம் சொல்லவில்லை. அவர் என்றால் என் வீட்டுக்காரர் ஜெயசீலன். வாலிபத்தில் சுரங்கத்துக்குள்ளே டிரில்லிங் மெஷினைப் பிடித்து இடது காது போய்விட்டது, வலது காதில் பாதி இருக்கிறது. சுரங்கம் மூடிய பிறகு பெங்களூரில் ஒரு அபார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டி. விடியுமுன் ரயில் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவார். எங்கள் தங்கவயலில் பாதிப் பேர் அப்படித்தான். ஊர் இங்கே இருக்கிறது, சோறு பெங்களூரில் இருக்கிறது.

சோறு போடும்போது கையால் ஜாடை காட்டினேன். குழம்பா, ரசமா என்று. ரசம் என்றார். நான் வாய் திறக்கவே இல்லை என்பது அவருக்குத் தெரியவில்லை.

மே 3, சனி

என்னோடு வி.பி.எஸ். நடத்தும் பியூலாவோடு, சுரங்கத்துக்காரர்களின் வரிசை வீடுகளில் லைன் லைனாகப் போய்க் கைப்பிடி அரிசி வாங்கி வந்தேன். எங்கள் சர்ச் பெண்கள் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனி டப்பாவில் போட்டு வைப்போம். வி.பி.எஸ். பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு அதில்தான் வேகும். எந்தச் சாதி, எந்தச் சாமி என்று கேட்பதில்லை. தாய் தகப்பன் ரயிலேறிப் போன வீட்டுப் பிள்ளைகள் லீவு நாளில் வேறு எங்கே போகும்? சைனைட் மேட்டுக்குத்தான். சுரங்கத்தில் அரைத்துக் கொட்டிய மண்ணெல்லாம் அங்கே மலையாக நிற்கிறது. பிள்ளைகள் அட்டையைப் போட்டு அதில் சறுக்குகிறார்கள். அதைவிட நம் சர்ச்சில் உட்கார்ந்து ஒரு வாய் தின்னட்டும்.

பியூலா நல்ல பெண்தான். காலேஜ் படிப்பு, வாயில் எப்போதும் சிரிப்பு. புதிதாக ஒரு பாட்டுப் பெட்டி வாங்கியிருக்கிறாள். போனிலிருந்து பாட்டுப் போட்டால் தெருவே அதிர்கிறது. "இத வெச்சே ஆக்‌ஷன் சாங் எல்லாம் ஓட்டிடலாம்க்கா. உங்களுக்குக் கஷ்டமே இல்ல," என்கிறாள்.

எனக்குக் கஷ்டம் என்று இவளிடம் யார் சொன்னார்கள்? முறைத்தேன். வாய் இருந்திருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன்.

மே 5, திங்கள்

முதல் நாள். காலையிலேயே காற்று. மேட்டிலிருந்து வெள்ளைப் புழுதி கிளம்பி ஊர்மேல் மாவு சலித்த மாதிரி இறங்கியது. சர்ச் வாசலில் நின்று பார்த்தேன். ஒன்றுமே இல்லாத வெள்ளைக்குள்ளிருந்து முதலில் சிரிப்புச் சத்தம் வந்தது, பிறகு ஒரு சிவப்பு ரிப்பன் வந்தது, பிறகுதான் பிள்ளைகள் வந்தார்கள். புருவமெல்லாம் வெள்ளை. ஆறு வயதிலேயே எல்லோருக்கும் நரைத்துவிட்டது. எத்தனை வருஷம் பார்த்தாலும் எனக்கு இது கனவு மாதிரிதான் இருக்கிறது.

பாட்டை ஆரம்பித்தேன்.

சுத்திச் சுத்தி நடந்தோமே
சுவரே சுவரே கேளு
எக்காளம் ஊதி வந்தோமே
எரிகோ மதிலே வீழு!

முதல் வரி வந்தது. இரண்டாவது வரியில் "கேளு" என்று மேலே ஏறுமிடத்தில் வெறும் காற்றுதான் வந்தது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பேசக்கூடாது என்றுதானே டாக்டர் சொன்னார், ரகசியம் பேசக்கூடாது என்று சொல்லவில்லையே! உட்கார்ந்து, அவர்களைக் கிட்டே வரச் சொல்லி, காதோடு சொல்வதுபோல் மூச்சாலேயே பாடினேன். கை காலெல்லாம் ஆக்‌ஷன். கண்ணை உருட்டினேன், நடந்தேன், ஊதினேன், விழுந்தேன். பிள்ளைகள் பெட்டிப் பாம்பாக அடங்கி என்னையே பார்த்தார்கள். இவ்வளவு அடக்கமான வி.பி.எஸ். நான் பார்த்ததில்லை. என் திறமையை நானே மெச்சிக்கொள்கிறேன்.

மே 6, செவ்வாய்

இஞ்சி, தேன், மிளகு, அதிமதுரம். பலன் பூஜ்யம்.

மே 8, வியாழன்

கைப்பைக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. இன்று எட்டாம் தேதி என்பது எனக்கு மறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

சாம்பார் சாதம் தின்றதும் பிள்ளைகள் ஹாலில் படுத்துவிட்டார்கள். ஜன்னல் வெளியே வெள்ளைக் காற்று. மின்விசிறி ஒரு சுற்றுக்கும் மறு சுற்றுக்கும் நடுவே யோசித்து யோசித்துச் சுற்றியது. பாயில் கிடந்த பிள்ளைகளின் நாக்கெல்லாம் ரஸ்னா குடித்த சிவப்பு. நானும் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். கனவில் சுரங்கத்துக்குள் கூண்டில் இறங்குகிறேன். இறங்க இறங்கப் பாடுகிறேன். அடியிலிருந்து யாரோ அதே பாட்டைத் திரும்பப் பாடுகிறார்கள். என் பழைய குரலில்.

விழித்தபோது மோனிஷா என் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து லைன் பெண். ஒண்ணாவது போகப்போகிறாள். அவள் அம்மா பெங்களூர் கார்மென்ட்ஸில் வேலை. நான் என்ன செய்கிறேனோ அதையே செய்கிற குட்டி அவள். நான் மூக்கைச் சொறிந்தால் அதுவும் ஆக்‌ஷன் என்று நினைத்துச் சொறிவாள்.

"உள்ள யாருக்கா பூட்டு போட்டாங்க?" என்று கேட்டாள்.

தூங்கு என்று ஜாடை காட்டினேன்.

மே 9, வெள்ளி

சமையல் பார்க்கும் சுகந்தி அக்கா பிடித்துக்கொண்டாள். "இன்னா மேபலு, ஊமை விரதமா? உன் வாயி சும்மா கீதுன்னா ஊருக்கு மழ வரும்டி."

சளி என்று மூச்சாலேயே சொன்னேன். அவள் கரண்டியோடு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ரசத்தில் கூடுதலாக மிளகு தட்டிப் போட்டாள். அந்த ரசத்தைக் குடித்துப் பிள்ளைகளெல்லாம் மூக்கைச் சிந்தினார்கள்.

மே 12, திங்கள்

பியூலாவோடு சண்டை. ஒரு சத்தமும் இல்லாத சண்டை.

அவள் நல்லபடியாகத்தான் வந்தாள். "அக்கா, நீங்க ஆக்‌ஷன் மட்டும் காட்டுங்க, நான் பாடறேன். இல்ல பொட்டில போடறேன். உங்க தொண்ட பாவம்க்கா," என்றாள். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: உன் வேலையைப் பார். அவள் முகம் சுண்டிவிட்டது. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பின் அறைக்குப் போய்க் காகிதம் வெட்ட ஆரம்பித்துவிட்டாள். பெரிய ஹால் பக்கமே வரவில்லை.

வராவிட்டால் போகிறாள். எனக்கு ஒன்றுமில்லை. மத்தியானம் சோறு மட்டும் இறங்கவில்லை, உப்பு அதிகம்.

மே 14, புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி போன். தெரியாத நம்பர் என்று எடுத்துவிட்டேன். டாக்டர் கேட்டாராம், ஏன் வரவில்லை என்று. இருபத்திரண்டாம் தேதிக்கு வரச் சொன்னாள் அந்த நர்ஸ். "வீட்ல யாருக்காச்சும் சொல்லிட்டீங்களாம்மா?" என்று கேட்டாள். சிக்னல் போய்விட்டது. நான்தான் போக வைத்தேன்.

இருமியபோது கைக்குட்டையில் சிவப்பு. ரஸ்னாவாக இருக்கும்.

நான் இன்று ரஸ்னா குடித்தேனா என்று ஞாபகமில்லை.

மே 16, வெள்ளி

ஒத்திகை. அட்டைப் பெட்டிகளை ஒட்டி எரிகோ மதில் தயார். பிள்ளைகள் சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். அத்தனை கால்களின் ஓசையும் கேட்கிறது, அத்தனை வாய்களும் அசைகின்றன. கண்ணை மூடினால் தூரத்தில் எங்கோ அலை அடிக்கிற மாதிரி இருந்தது. நான் கடலைப் பார்த்ததே ஒரே ஒரு தடவைதான், வேளாங்கண்ணிக்குப் போகும் ஒரு சிநேகிதியோடு தொற்றிக்கொண்டு போனபோது.

ஞாயிற்றுக்கிழமை நிறைவு விழாவுக்கு அவரும் வருகிறேன் என்றார். அன்று வேலைக்கு ரயிலேற வேண்டாம். நீலச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

மே 18, ஞாயிறு

எழுதிவிட வேண்டியதுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருந்தேன். இன்று இலையோடு வெளியே வந்துவிட்டது.

சாயங்காலம் சர்ச் நிரம்பிவிட்டது. ஒரு வாரமாகப் பிள்ளைகளின் முகத்தைத் தூக்கத்தில் மட்டும் பார்த்த தாய் தகப்பன்கள் பவுடர் போட்டுக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வெயில் சாய்ந்து, மேடு முழுக்கப் பொன்னாகத் தெரிந்தது. பாஸ்டர் தியோடர் மைக்கைக் கட்டித் தொங்கவிட்டார். நான் மேடைக்குக் கீழே, பிள்ளைகளுக்குத் தெரியும்படி நின்றேன். நான் ரகசியமாகச் சொல்லிக் கொடுத்தால் என்ன, மேடை ஏறி அம்மாவைப் பார்த்துவிட்டால் எந்தப் பிள்ளையும் கூரை பிய்த்துக்கொள்ளப் பாடும் என்றுதான் நினைத்திருந்தேன். வருஷா வருஷம் அப்படித்தானே நடக்கிறது!

கையைத் தூக்கினேன். பாட ஆரம்பித்தார்கள்.

ரகசியமாக.

அத்தனை பேரும், ஒருவர் விடாமல், வெறும் மூச்சால் பாடினார்கள். "சுத்திச் சுத்தி நடந்தோமே..." கண்ணை நான் உருட்டுவதுபோலவே உருட்டினார்கள். என் தோள், என் இடுப்பு, என் விரல். இரண்டாவது வரியில் "கேளு" வருமிடத்தில் நான் தொண்டையைப் பிடித்துக்கொண்டு எச்சில் விழுங்குவேன் போலிருக்கிறது, எனக்கே அது தெரியாது. அத்தனை பிள்ளைகளும் அந்த இடத்தில் தொண்டையைப் பிடித்துக்கொண்டு எச்சில் விழுங்கினார்கள்.

ஜனங்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மின்விசிறி ஓசை கேட்டது. "வீழு" என்று காற்றாய்ச் சொன்னதும் மதில் தடதடவென்று விழுந்தது. அதன்பிறகு ஹாலில் ஒரு சத்தமில்லை.

அந்த அமைதியில் அவர் குரல், செவிடர்களுக்கே உரிய பெரிய குரல்: "இன்னா பாஸ்டரே, எனக்கு மொத்தமா காது பூட்ச்சா? புள்ளைங்க வாயி ஆடுது, ஒண்ணுமே கேக்கலியே!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாஸ்டரும் சிரித்தபடி மேடைக்குப் போய், "ஏன் கண்ணுங்களா, வாயத் தொறந்து பாடக் கூடாதா?" என்று கேட்டார்.

மோனிஷாதான் பதில் சொன்னாள். மைக் அவள் தலைக்கு நேராக இருந்தது. "இந்தப் பாட்டு இப்டித்தான் பாஸ்டர். மேபல்க்கா இப்டித்தான் சொல்லிக் குட்த்தாங்க. அவங்களுக்கு வேற மாதிரி வர்ல."

ஊரே என் பக்கம் திரும்பியது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எனக்கு அந்த வாயும் இல்லை, பிள்ளைகள் வாயால் கெட்டேன்.

அவருக்கு அதுவும் கேட்கவில்லை. "இன்னா சொல்லுது அந்தப் பொண்ணு?" என்று பக்கத்தில் கேட்டார். சுகந்தி அக்கா எழுந்து அவர் வலது காதில் கத்தினாள்: "உன் பொண்டாட்டிக்குத் தொண்ட பூட்ச்சுய்யா! இத்தினி நாளா ஒரே வூட்ல இன்னா பண்ணிக்கினு இருந்த?"

அவர் எழுந்து வந்தார். அத்தனை பேருக்கும் நடுவில், என் முன்னால் குனிந்து, நல்ல காதை என் வாயருகே கொண்டுவந்தார்.

"பேசு மேபலு," என்றார்.

"ஒண்ணுமில்லங்க," என்றேன்.

அப்படியே குனிந்து நின்றார். நீலச் சட்டையில் என் இஸ்திரி மடிப்பு தெரிந்தது. கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி, "பேசுடி," என்றார்.

நான் பேசிவிட்டிருந்தேன்.

மே 19, திங்கள்

அவர் ரயிலுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிப் பேப்பரைக் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். எட்டாம் தேதி என்று எழுதியிருந்ததை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"செவிடன்கிட்ட எதுக்குச் சொல்லணும்னு நென்ச்சியா?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அழுதுவிட்டேன். அழுகையிலும் சத்தம் வரவில்லை.

இதில் எழுதிக் காட்டினேன். காட்ட மாட்டேன் என்ற சபதமெல்லாம் போயிற்று. எழுதியது இதுதான்: பயமாக இருக்கிறது. சாவுக்கு இல்லை. பாட்டு இல்லாவிட்டால் நான் யாருமில்லை. இந்த ஊரில் ப்ளவுஸ் தைக்கிறவர்கள் நூறு பேர் இருக்கிறார்கள்.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனுக்கு உன் பாட்டு கேட்டதே இல்லியே மேபலு. கண்ணாலம் ஆவும்போதே காது பூட்ச்சு. பாட்டுக்காவா உன்ன கட்டிக்கினேன்?" என்றார்.

சாயங்காலம் பியூலா வந்தாள். நான் கரும்பலகையில் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "பேசாதீங்க, டாக்டர் திட்டுவாரு," என்று என் வாயைப் பொத்திவிட்டாள். அவள் கையில் ஃபெவிக்கால் வாசனை.

மே 22, வியாழன்

விடியற்காலை ரயில். அவர் இன்று சீருடை போடாமல் ஏறினார். ஜன்னலுக்கு வெளியே மேடுகள் பனிக்குள் மிதந்துகொண்டே பின்னால் போயின. இருவரும் ஒன்றும் பேசவில்லை. எங்களுக்குப் பழக்கம்தான்.

பெயர் கூப்பிடுகிறார்கள்.

மே 24, சனி

அந்தப் பயறை எடுத்துவிட்டார்கள். பேசத் தடை. ரகசியம் பேசவும் தடை. அது சாதாரணமாகப் பேசுவதைவிடத் தொண்டைக்குக் கெடுதலாம்! இருந்திருந்து இப்போது சொல்கிறார் இந்தப் பிள்ளை டாக்டர். வி.பி.எஸ். முழுக்க மூச்சைப் பிடித்து நான் பாடியதை எழுதிக் காட்டியபோது தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஜூன் 2, திங்கள்

டெஸ்ட் வந்துவிட்டது. கெட்டது ஒன்றுமில்லை. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

"ஆனா குரல் கனமாத்தாம்மா இருக்கும். பழைய மாதிரி மேல ஏறாது," என்றார் டாக்டர். சரி என்று எழுதிக் காட்டினேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, ஏறாது ஏறாது என்று எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். உயிர் பிழைத்த சந்தோஷம் இருக்கிறது. இருந்தாலும் துக்கமாகத்தான் இருக்கிறது. இரண்டும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தன. அவர் இரண்டு காபி வாங்கி வந்தார்.

ஜூன் 8, ஞாயிறு

இன்றிலிருந்து இரண்டொரு வார்த்தை பேசலாம் என்று உத்தரவு. காலையிலிருந்து அவர், "இன்னா, ஒண்ணும் பேசலியா?" என்று சுற்றிச் சுற்றி வந்தார். எனக்குத் துணிச்சல் வரவில்லை. என்ன வருமோ என்று பயம். அலுத்துப்போய்ப் பின்வாசலில் துணி துவைக்கப் போய்விட்டார்.

சர்ச் விட்டதும் பியூலா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வீடு கொள்ளாமல் வாசல் வரை பிள்ளைகள். எனக்காகப் பாடப்போகிறார்களாம். நோயாளி வீடு, சத்தம் போடாதீங்க என்று அம்மாக்கள் சொல்லி அனுப்பியிருப்பார்கள் போல. மறுபடி அதே எரிகோ, அதே மூச்சு. சுத்திச் சுத்தி நடந்தோமே. தொண்டையைப் பிடித்துக்கொண்டு எச்சில் விழுங்கினார்கள். மோனிஷா கண்ணை மூடிக்கொண்டு, பக்தியோடு, சத்தமே இல்லாமல் எக்காளம் ஊதினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை நல்ல தொண்டைகளை வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் பிள்ளைகள் என் வியாதியைப் பாடுகிறார்களே!

"சத்தமா!" என்றேன்.

காலி அண்டாவைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு குரல் வந்தது. பிள்ளைகள் பயந்து நிறுத்திவிட்டார்கள். மோனிஷா கண்ணைத் திறந்து, "யாரு ஆம்பள பேசுனது?" என்று சுற்றிலும் பார்த்தாள். பியூலா வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அப்போது பின்வாசலிலிருந்து, "இன்னா? யாரது சத்தம் போட்றது?" என்று அவர் குரல் வந்தது.

துவைக்கிற கல்லுக்கு முன்னால், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர். இத்தனை வருஷத்தில் அவரை நான் இருந்த இடத்திலிருந்து கூப்பிட்டதே இல்லை. எத்தனை கத்தினாலும் என் மெல்லிய குரல் அவருக்கு எட்டாது. எழுந்துபோய்த் தோளைத் தொட வேண்டும். இந்தக் கனத்த குரல் அவர் காதில் விழும் போலிருக்கிறது.

சோப்பு நுரை வழியும் கையோடு உள்ளே வந்தார். பிள்ளைகளைப் பார்த்தார், பியூலாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீயா?" என்றார்.

தலையாட்டினேன். அங்கேயே, வாசற்படியிலேயே நின்றார். காதை என் பக்கம் திருப்பவில்லை.

"இன்னொரு தபா சொல்லு," என்றார். காது கேட்காதபோதெல்லாம் அவர் சொல்கிற வார்த்தைதான் அது. இன்று கேட்டுவிட்டுச் சொல்கிறார்.

சொன்னேன். அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். மோனிஷா முதலில் ஆரம்பித்தாள், பிறகு எல்லோரும். எங்கள் லைன் முழுக்கக் கேட்டிருக்கும்.